சவரிமுத்தா, கெர்பரா

ஜனவரி 11, புதன்

திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும்போது பங்குச்சாமியார் கொடுத்த டைரி இது. "எழுதுங்கம்மா, அங்க உங்களுக்குப் பேச்சுத் துணை இருக்காது" என்றார். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். மறதி என்பது மட்டும் எனக்குக் கிடையாது. யார், எந்த வருஷம், எந்தக் கிழமை, என்ன சொன்னார்கள் என்று கேட்டால் இப்போதும் சொல்லுவேன்.

திங்கட்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு என் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ நூற்றுப் பத்து கிராம். ரூத் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன்காரருக்கும் வாயில் நுழையும், நமக்கும் நுழையும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. பிள்ளையை முதலில் தூக்கியது அந்தம்மா. என் மருமகள் கத்ரினின் அம்மா, கெர்லிண்டே. நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் தூக்கிவிட்டாள். நான்கு நிமிஷம் பொறுக்க முடியவில்லை. வந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் நின்று பிள்ளையிடம் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் "மரியா! மரியா!" என்று சிரிக்கிறாள்.

என் பெயர் மரியபுஷ்பம். பாதியை அவள் தின்றுவிட்டாள். கல்யாணத்தன்றே கவனித்தேன்.

ஜனவரி 13, வெள்ளி

பிள்ளை வீட்டுக்கு வந்தாயிற்று. பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து, சுக்கு, வசம்பு எல்லாம் பெட்டியில் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்திருக்கிறேன். வசம்பைச் சுட்டு வைத்தேன். இங்கே பிள்ளை பெற்ற வீட்டுக்கு அரசாங்கமே மருத்துவச்சியை அனுப்புகிறது. அவள் வந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவள் ஆட்டினால் கூடச் சரி. பக்கத்தில் நின்ற அந்தம்மாவும் சேர்ந்து ஆட்டினாள்.

"அத்தை, கோச்சுக்காதீங்க. ஒரு மாசம் போகட்டும்" என்றாள் கத்ரின். நம் பாஷையை என் மகனிடம் கற்றுக்கொண்டவள். திண்டுக்கல் இழுப்பு அப்படியே வருகிறது. நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்குக் குறையில்லை.

பூண்டுக் குழம்பு வைத்தேன். அந்தம்மா ஒரு சட்டி நிறையக் கோழி சூப் கொண்டுவந்தாள். கத்ரின் இரண்டையும் சாப்பிட்டாள். சூப்பை இரண்டு தடவை வாங்கினாள்.

ஜனவரி 15, ஞாயிறு

இன்றும் வந்தாள். இன்றும் பிள்ளை அவள் தோளில்தான் தூங்கியது.

ஜனவரி 17, செவ்வாய்

இங்கே வந்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் அமலதாஸின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் அவன் அப்பா பெயர் இருக்கிறது. அதனால் இந்த ஊரில் அவனை யாரும் அமலதாஸ் என்பதில்லை. தபால்காரர், பேங்க்காரர், ஆபீஸ்காரர் எல்லோரும் "ஹெர் சவரிமுத்து" என்கிறார்கள். திருவாளர் என்பதுதான் ஹெர். மருந்துக்கடைப் பெண் "சவரிமுத்து!" என்று கூப்பிடும்போது நான்தான் முதலில் திரும்பிப் பார்ப்பேன். செத்துப் பதினான்கு வருஷம் ஆன மனுஷனைப் பனி விழுகிற நாட்டில் கூப்பிடுகிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது இப்படி மரியாதையாக எவன் கூப்பிட்டான்?

இன்றைக்கு அதற்கும் வினை வந்தது. பிறப்புப் பதிவு ஆபீஸிலிருந்து வந்த தாளை என் மகன் தாசு மேசையில் வைத்தான். பிள்ளைக்கு ஒரு குடும்பப் பெயர்தான் எழுத வேண்டுமாம். அப்பன் பெயரா, ஆத்தாள் பெயரா என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் சொல்லாவிட்டால் விஷயம் கோர்ட்டுக்குப் போகுமாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சவரிமுத்துன்னு எழுது" என்றேன்.

தாசு பேனாவை மூடித் திறந்து மூடினான். "கெர்பர்னு வைக்கலாம்னு இருக்கோம்மா."

"எது?"

"கத்ரின் பேரு. சின்னப் பேரு. பள்ளிக்கூடத்துல, வேலைல, எங்கயும் ரெண்டு தடவ சொல்ல வேண்டியதில்ல. நான் போன்ல பேரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் லைன கட் பண்ணிருவான்மா."

"உங்கப்பன் பேரு உனக்குப் பாரமாப் போச்சா?"

"அப்படிச் சொல்லலம்மா."

"வேற எப்படிச் சொன்ன?"

அந்தம்மா கட்டிலோரம் சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள். பாஷை புரியாவிட்டாலும் "கெர்பர்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஊசி நின்றது. அது அவள் அப்பா வழிப் பெயர். அந்தம்மா கல்யாணமே கட்டவில்லை. கட்டாமலே பெற்று, தன் அப்பா பெயரையே மகளுக்கும் வைத்தாள். இப்போது என் பேத்திக்கும் வேண்டுமாம். ஒரு வீட்டில் எத்தனை தலைமுறைக்குத்தான் ஒருத்தியே ஜெயிப்பது?

ஜனவரி 19, வியாழன்

பிள்ளையை டாக்டரிடம் காட்டப் போனோம். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது. சும்மா நடக்காமல் தாசுவிடம் கேட்டுக்கொண்டே போனேன்.

"இது என்ன பேரு?"

"ஷ்மிட். கொல்லர்."

"அந்த வீட்டுல கொல்லர் இருக்காரா?"

"இல்லம்மா, பேருதான். எந்தக் காலத்துலயோ அவங்க முப்பாட்டன் கொல்லரு. அது குடும்பப் பேரா நின்னுருச்சு. இவர் இன்சூரன்ஸ் வேலை பாக்குறாரு."

அடுத்தது முல்லர். மாவு அரைப்பவர். அடுத்தது வேபர். தறி நெய்பவர். ஷ்னைடர் என்றால் தையல்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. நம் ஊரில் ஒருவனை அவன் அப்பன் செய்த வேலையைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டுப் பார்க்கட்டும். வெட்டுக்குத்து ஆகிவிடும். இங்கே அதையே அச்சடித்து வாசலில் ஒட்டி, கீழே மணியும் வைத்து, அமுக்கு என்கிறார்கள்.

டாக்டர் வீட்டுப் பலகையில் ஷூஸ்டர் என்று இருந்தது.

"இது?"

தாசு கொஞ்சம் தயங்கினான். "செருப்புத் தைக்கிறவர்."

தங்கச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி. முயல் படம் போட்ட சுவர். அவரும் வெட்கப்படவில்லை, வந்தவர்களும் முகம் சுளிக்கவில்லை. என் பேத்தியின் மார்பில் குழாயை வைத்து, நன்றாக இருக்கிறாள் என்றார்.

திரும்பும்போது கேட்டேன். "கெர்பர்னா என்ன வேலை?"

"ஏதோ ஒரு வேலம்மா. பாத்து நடங்க, வழுக்கும்."

ஜனவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் அந்தம்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிள்ளை இல்லை என்று நிம்மதியானேன். அதைவிடப் பெரியதாக ஒரு புத்தகம் இருந்தது. பழைய டெலிபோன் புத்தகம். கெர்பர் என்ற பெயர் மட்டும் பக்கம் பக்கமாக விரலை ஓட்டிக் காட்டினாள். கத்ரின் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தத் தென்பகுதியில் நிறைய. சுவிட்சர்லாந்தில் இன்னும் நிறைய. யூதர்களிலும் அந்தப் பெயர்க்காரர் உண்டு. கப்பலேறி அமெரிக்கா போனவர்களில் சிலர் கார்பர் என்று எழுதுவார்களாம்.

"சவரிமுத்து எத்தன பேருன்னு கேளு" என்று அந்தம்மா கேட்கச் சொன்னாளாம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கத்ரின் அதைச் சொல்லவா வேண்டாமா என்று முழித்தாள்.

"எங்க மாதாகோயில் பங்குல மட்டும் நாப்பது சவரிமுத்து உண்டுன்னு சொல்லு" என்றேன். "உங்க பேரு டெலிபோன் புத்தகத்துல இருக்கு. எங்க பேரு கல்லறைல, கல்வெட்டுல, கோயில் மணில எல்லாம் இருக்கு."

கோயில் என்றதும் அந்தம்மா முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மரியா புருஷன் கோயில்ல வேலை பாத்தவரில்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. கோயில்பிள்ளை. மணி அடிக்கிறது, மெழுகுவர்த்தி ஏத்துறது, பீடத்தைத் துடைக்கிறது எல்லாம் அவருதான்."

தாசு எழுந்து பால் காய்ச்சப் போனான். பால் ஏற்கனவே காய்ச்சியிருந்தது.

ஜனவரி 25, புதன்

துணி மடித்தேன். ரசம். பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அந்தம்மாவுக்கு ஜலதோஷம், வரவில்லை. பிள்ளை என் மார்பில் இரண்டு மணி நேரம் தூங்கியது. நல்ல நாள்.

ஜனவரி 28, சனி

ஜலதோஷம் போய்விட்டது. பத்தொன்பது நாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கத்ரின் மார்போடு கட்டிக்கொண்டு, "காத்து வேணும்" என்று எல்லோரும் கிளம்பினார்கள். அந்தம்மாதான் முன்னால் நடந்தாள். மரியாவுக்கு எங்கள் தெருவைக் காட்ட வேண்டும் என்றாளாம். தாசு தலைவலி என்று சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை.

ஆற்றிலிருந்து பிரிந்து ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் கரையில் உயரம் உயரமாகப் பழைய மர வீடுகள். மேல்மாடி மட்டும் சுவரில்லாமல் திறந்திருக்கிறது. அதைப் பார்த்தவுடன் நின்றுவிட்டேன். காற்றுப் போக இப்படி விட்டு உள்ளே கொடி கட்டி எதைக் காயப்போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே தரையில் கல் கட்டிய குழிகள். சுண்ணாம்புக் குழி ஒன்று, பட்டைத் தண்ணீர்க் குழி ஒன்று. நம் பக்கம் ஆவாரம்பட்டை, இங்கே ஓக் மரத்துப் பட்டை. மற்றதெல்லாம் அப்படியே. வாடை மட்டும் இல்லை. கழுவிக் கழுவிக் கண்ணாடிபோல வைத்திருக்கிறார்கள்.

நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. சாய்த்த மரத்தின்மேல் தோலை விரித்து, வில்லாக வளைந்து இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் ரோமம் வழிக்கிற மாதிரி. அந்தக் கத்தியைத் தன் மார்புப் பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எவன்டா இத வச்சவன்? இப்படி இழுத்தா தோல் கிழிஞ்சு போகும். வயித்த மரத்துல முட்டுக் குடுத்து, கீழ பாக்கத் தள்ளணும். தள்ளுனாத்தான் முடி வழிச்சு வரும்" என்றேன். கயிற்றைத் தாண்டி கையை நீட்டியேவிட்டேன். காவல்காரப் பெண் ஓடிவந்தாள்.

கத்ரின் மொழிபெயர்த்தாள். அந்தம்மா என்னைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். "மரியாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எங்க தெருப் பக்கம் ஒரு தோல் ஷாப்பு இருந்துச்சு. போறப்ப வர்றப்ப பாத்திருக்கேன்" என்றேன்.

பொய்யில்லை. போகும்போதும் வரும்போதும் பார்த்தது உண்மைதான்.

அப்போதுதான் அந்தம்மா சுவரிலிருந்த பெரிய எழுத்தைத் தட்டிக் காட்டினாள். கெர்பர். "தோலு பதனிடுறவர்னு அர்த்தம் அத்தை" என்றாள் கத்ரின். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவோட முன்னோர் இந்தத் தெருவுலதான் வேலை செஞ்சாங்க. அதான் எங்க பேரு."

அந்தம்மா சிரித்தாள். பொம்மைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, போட்டோ எடுக்கச் சொன்னாள்.

ஜனவரி 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மகனிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"கத்ரின பாத்த மொத நாள்லருந்து. பேர சொன்னா. அர்த்தம் தெரிஞ்சப்ப சிரிச்சேன். ஏன் சிரிக்கிறன்னு கேட்டா. சொல்லல."

"ஏன்டா சொல்லல?"

"நீங்கதானம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனீங்க."

வாங்கினேன். வியாகுல மாதா படத்துக்கு முன்னால். அவனுக்கு அப்போது பதினொரு வயது. மறக்கவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது என்றால் அது அவள் பெரிய வீட்டுக்காரி என்பதற்காக இல்லை. நான் எதை வாழ்நாள் முழுக்க முந்தானையில் முடிந்து மறைத்தேனோ, அதைக் கழுத்துச் சங்கிலிபோல மாட்டிக்கொண்டு அவள் தெருவில் நடக்கிறாள். அவள் கை அந்தக் குழியைத் தொட்டதில்லை. அவள் அப்பன் கை, பாட்டன் கை தொட்டதில்லை. நகம் மஞ்சளாகி, விரலிடுக்கு வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டவர் அவள் வீட்டில் யாரும் இல்லை. பெயர் மட்டும் இவர்களுக்கு.

பிப்ரவரி 2, வியாழன்

மெழுகுவர்த்தித் திருநாள். பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகும் நாள். நானும் போனேன், அந்தம்மாவும் வந்தாள். கத்ரின் பிள்ளையைச் சுமந்து நடுவில் நடந்தாள். ஆளுக்கொரு பக்கம் நாங்கள்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு முன்னால் அந்தம்மா சட்டென்று ஒதுங்கி நடந்தாள். நடைபாதைக் கல்லுக்கு நடுவில் உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு பதித்திருந்தது. குனிந்து எழுத்துக் கூட்டினேன். இந்த ஒரு மாதத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஜெர்மன் சொல் ஒன்றே ஒன்று. அதுதான் அங்கே இருந்தது. ரோசா கெர்பர்.

"உங்க சொந்தமா?"

அந்தம்மா வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து சொன்னாள். கத்ரினுக்கே பாதி புதிதுபோல. நிறுத்தி நிறுத்தித்தான் எனக்குச் சொன்னாள்.

ரோசா யூதப் பெண். பித்தானும் நூலும் விற்கிற கடை. அவர்களுக்கும் இந்தப் பெயர்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது, வேலையைப் பெயராக வைத்துக்கொண்டவர்களில் அவர்களும் உண்டாம். ஒரே ஊரில் இரண்டு கெர்பர். தபால் மாறி மாறி வரும். பிறகு ஹிட்லர் காலம். அந்தம்மாவின் அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் உத்தியோகம். நீ அந்தக் கெர்பரா, இந்தக் கெர்பரா என்று கேட்டார்கள். அவர் கோயில் கோயிலாகப் போய்ப் பாட்டன் பூட்டன் ஞானஸ்நான ஏடு வரைக்கும் எழுதி வாங்கி, நாங்கள் அவர்கள் இல்லை என்று தாள் கொடுத்தார். வாசல் மணிக்குக் கீழே இன்னொரு தகடும் மாட்டினார். 'தபால் கெர்பர்' என்று.

ரோசாவிடம் காட்ட அப்படித் தாள் இல்லை. கொண்டுபோனார்கள். அப்படிக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த வீட்டு முன்னால்தான் இந்தத் தகட்டைப் பதிக்கிறார்களாம். அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு கடிதம் வந்ததாம். பெயர் மாறி, வழக்கம்போல இவர்கள் வீட்டுக்கு. அதன்மேல் 'ஆள் போய்விட்டார், முகவரி தெரியாது' என்று அந்தம்மாவின் அப்பாவே தன் கையால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்.

"யார் சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

சாகும்போது அப்பாவே சொன்னாராம். அந்த ஒன்றைத்தான் சொன்னாராம்.

நான் எழுந்து போய் அந்தம்மாவுக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். ஜலதோஷத்துக்காக.

பிப்ரவரி 5, ஞாயிறு

அந்தம்மா தோற்றுவிட்டாள். அதாவது விட்டுக்கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தாளாம். ரூத்துக்குச் சவரிமுத்து என்றே இருக்கட்டும் என்றாள். "அது சுத்தமான பேரு. கோயில் மணி அடிச்சவர் பேரு. எங்க பேருல அழுக்கு இருக்கு."

தாசு என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். மூன்று வாரமாக எதற்காகச் சண்டை போட்டேனோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. "சந்தோஷம்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, திங்கள்

ஜெயித்த பிறகும் எரிகிறது. எதற்கு என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் கேக் சாப்பிடும் நேரம். இங்கே மூன்று மணிக்கு அப்படி ஒரு நேரம் உண்டு. தாசு தாளை எடுத்து, சவரிமுத்து என்று எழுதப் பேனாவைத் திறந்தான். அந்தம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, "கோயில்காரர் பேத்தி, கோயில்காரர் பேத்தி" என்று பாட்டுப் பாடுகிறாளாம். கத்ரின்தான் அர்த்தம் சொன்னாள்.

"நிறுத்தச் சொல்லு" என்றேன். "அவரு கோயில்பிள்ளை இல்ல."

தாசு, "அம்மா" என்றான்.

"நீ சும்மா இரு. கத்ரின், உங்கம்மாட்ட சொல்லு. எங்க வீட்டுக்காரரு தோல் ஷாப்புல வேலை பாத்தாரு. இருபத்தெட்டு வருஷம். சுண்ணாம்புக் குழில எறங்கி நின்னு. நீங்க பேருலதான் கெர்பர். அவரு கையால கெர்பர். போட்டோ எடுக்க நின்னீங்களே அந்தப் பொம்மைக்குப் பக்கத்துல, அங்க நிக்க வேண்டியவ நான்."

கத்ரின் சொல்லச் சொல்ல அந்தம்மாவின் கை தட்டுவதை நிறுத்தியது. நான் நிறுத்தவில்லை. வந்த வேகத்தில் எல்லாம் வந்தது. தொண்ணூற்றொன்று, ஜூன் மாதம் மூன்றாம் தேதி, தாசுவை ஆறாவதில் சேர்க்கக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற மதர் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வாடை வரும் என்று அவரை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியது. 'தந்தையின் தொழில்' என்று கேட்ட இடத்தில் கோயில்பிள்ளை என்று என் கையால் எழுதியது. வெளியே வந்ததும், "என்ன எழுதுன?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்து போனார். எங்கே என்று பார்த்தால் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். சாகிற வரைக்கும் ஞாயிறு தவறாமல் பெருக்கினார். நான் எழுதியது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட.

தாசு மேசையில் முழங்கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டான். "எல்லாருக்கும் தெரியும்மா" என்றான். "மதருக்குத் தெரியும். கிளாஸ்ல அத்தன பேருக்கும் தெரியும். மழை பேஞ்சா என் புத்தகப் பையிலயே அப்பா வாடை அடிக்கும். நீங்க எழுதுன பொய்ய நம்புன ஒரே ஆளு அப்பாதாம்மா. அத உண்மையாக்கப் பாத்தாரு."

பிள்ளை ஏப்பம் விட்டது.

பிறகு அந்தம்மா பிள்ளையைக் கத்ரினிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. என் கையில் கொடுத்து, இஸ்திரிப் பலகையைச் சாய்த்து வைத்தாள்.

"எப்படித் தள்ளணும்னு கேக்குறாங்க அத்தை."

எழுபத்தொரு வயதில் இஸ்திரிப் பலகையில் வயிற்றை முட்டுக்கொடுத்து நின்று காட்டினேன். அவள் வாங்கிச் செய்து பார்த்தாள். தன் பக்கம் இழுத்தாள். "ஐயோ, கிழிச்சுட்டீங்க, நல்ல ஆட்டுத் தோலு" என்றேன். கத்ரின் மொழிபெயர்க்கும் முன்னாலே அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு தாளைக் கேட்டேன். "இதுல தாத்தா தொழில் எந்த இடத்துல எழுதணும்?"

"அப்படி ஒரு எடமே இல்லம்மா. பேரு மட்டுந்தான்."

"அப்பன் தொழில்?"

"அதுவும் இல்ல."

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் இருந்தது, சொல்ல எனக்கு வாய் இல்லை. இன்றைக்கு வாய் இருக்கிறது, இடத்தை எடுத்துவிட்டார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம். அவர் பெயரை எழுதலாம். இல்லாவிட்டால் அவர் வேலையை எழுதலாம். இரண்டுக்கும் இடமில்லை.

வெகுநேரம் யோசித்தேன். சவரிமுத்து என்று எழுதினால் அந்தம்மா என் பேத்திக்குக் காலமெல்லாம் தான் விட்டுக்கொடுத்ததாகத்தான் நினைப்பாள். அதுவும் ஒரு காரணம். இல்லையென்று சொல்லமாட்டேன்.

"கெர்பர்னு எழுது" என்றேன்.

பிப்ரவரி 8, புதன்

தாள் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். அந்தம்மா வருகிறாள் என்று பதிவு ஆபீஸுக்கு நானும் போனேன், நான் போகிறேன் என்று அவளும் வந்தாள். ஒரு கையெழுத்துக்கு ஐந்து பேர். ஆபீஸ் பெண் நாற்காலி போதவில்லை என்று எழுந்து நின்றாள்.

தாசு எழுதினான். ரூத் கெர்பர். என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் அப்பா பெயர் அவனோடு நின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். மருந்துக்கடையில் ரூத்தை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அதை நினைத்தால் வலிக்கிறது. ஆனால் மனுஷன் பெயரை நான் ஒரு நாளும் மறைத்ததில்லை. மறைத்தது வேலையைத்தான்.

அந்தம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

"ரொம்பச் சந்தோஷப்பட வேணாம்னு சொல்லு" என்றேன் கத்ரினிடம். "இது அவங்க அப்பா பேரு இல்ல. எங்க வீட்டுக்காரர் வேலை."

கத்ரின் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தம்மா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"ரோசா."

சரி, அவள் பெயரும்தான் என்று தலையாட்டினேன்.

வரும் வழியில் பித்தளைத் தகட்டருகே இன்றைக்கு அவள் ஒதுங்கவில்லை. நின்று, கையுறையைக் கழற்றி, குனிந்து பனியை வழித்துவிட்டாள். தன் பக்கம் இழுக்காமல், தள்ளித்தான் வழித்தாள். கற்றுக்கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். உடனே தூங்கிவிட்டது. "குடுங்க" என்றேன். காது கேட்காததுபோல ஜன்னல் பக்கம் போனாள். பத்து நிமிஷம் பொறுத்தேன். பதினோராவது நிமிஷம் வாங்கிக்கொண்டேன்.